சிறு கல்லூரியிற் சரித்திரம் பயில்வோர்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்ட பின்னர், வடபகுதிக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் ஒரே பேச்சு எழுகின்றது. மகள் கலைப்பிரிவிற் சித்தியடைந்திருக்கிறாள். திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் இடமும் கிடைத்துவிட்டது. முதலாண்டிற் சில பாடங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றுள் ஒன்றைப் பின்னர் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். "சரித்திரம் எடுக்கப் போகிறேன்" என்கிறாள் மகள். தோட்டத்திலிருந்து அப்பொழுதுதான் திரும்பிய தகப்பனார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாதிருக்கிறார். பின்பு, "அதைப் படிச்சு என்ன பிள்ளை செய்யப் போறாய்?" என்று கேட்கிறார்.

இவ்வினா அறியாமையிற் பிறந்த வினா அன்று. வைத்தியம் படித்தவர் வைத்தியராகிறார். கணக்கியல் கற்றவர் கணக்காளராகிறார். சரித்திரம் கற்றவர் என்னவாகிறார் என்பதை எவரும் அவருக்கு விளங்கச் சொன்னதில்லை. அன்றியும், 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னே, வேலையற்ற பட்டதாரிகள் பந்தலிட்டு, நியமனம் கேட்டு வாரக்கணக்காக அமர்ந்திருந்ததை அவர் தம் கண்ணாற் கண்டவர். அவர்களுட் பலர் கலைப்பட்டதாரிகள். வெங்காயம் விற்ற பணத்திலே பிள்ளையைப் படிப்பிப்பவர், முடிவில் அவளை ஒரு பந்தலின் கீழ் இருத்துவதற்காகவா இத்தனை பாடும் படுவது என்று எண்ணினால், அவரைக் குறைகூறுவார் யார்?

ஆதலின் அவருக்கு நேரான விடையே சொல்லவேண்டும். சரித்திரப் பட்டம் எந்த உத்தியோகத்தையும் தானே கொண்டுவந்து கையிற் கொடுப்பதில்லை. பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அரசாங்கத்தின் கடிதத்திற்காகக் காத்திருப்பவருக்கு அது சுவருக்கு அலங்காரமாக இருக்கும். வேறு பயன் இராது. ஆனால் அப்படிப்பு ஒரு பழக்கத்தைத் தருகின்றது. ஓர் ஏட்டையோ கல்லையோ கையிலெடுத்து, இது யார் எழுதியது, எக்காலத்தில் எழுதியது, யாருக்காக எழுதியது, இது எதுவரை சாட்சி சொல்லும், எதற்கு மேற் சொல்லாது என்று கேட்கும் பழக்கம் அது. இப்பழக்கத்துக்குக் கூலி கொடுக்கும் இடங்கள் நாட்டிற் பலவுண்டு. அவற்றின் வாசலிலே "சரித்திரப் பட்டதாரி தேவை" என்று எழுதியிருப்பதில்லை என்பதே தொல்லை.

சிறிய கல்லூரியிற் படித்தவர்கள் பல துறைகளிற் புகுந்து விளங்கியது இந்நாட்டிற் புதிய செய்தி அன்று. 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரி, 1855 இல் மூடப்படும்வரை சிறியதொரு கல்விச்சாலையாகவே இருந்தது. கணிதம், வானசாத்திரம் என்பவற்றோடு சரித்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதலாவது பீ. ஏ. பரீட்சையிற் சித்தியடைந்தார். அதன்பின் அவர் ஆசிரியராயிருந்தார், பத்திரிகை நடத்தினார், அரசாங்கத்திலே கணக்கு வேலை பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியானார். இவ்வளவுக்கும் இடையிலே, செல்லரித்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவர் சரித்திரப் பட்டதாரி என்று சொல்லுவதற்கில்லை. எனினும், பல பிரதிகளை வைத்து எது மூலபாடம் என்று துணியும் வேலை சரித்திர ஆசிரியனின் வேலைதான். ஒரே மனிதர் எத்தனை வாசல்களால் உட்புகுந்தார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி 1921 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஆரம்பமானபோது அதில் இருந்த மாணவர் 115 பேர். இன்றைய நடுத்தரப் பாடசாலை ஒன்றின் மேல்வகுப்புகளில் அதனினும் கூடிய தொகையினர் உளர். அம்மாணவர்கள் இலண்டன் சர்வகலாசாலைப் பட்டத்துக்கே தோற்றினார்கள். பின்னர் அக்கல்லூரி 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அதே 1921 ஆம் ஆண்டிலேதான் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1974 ஒக்டோபரில், அக்கட்டடங்களிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. மனிதப்பண்பியற் பாடங்கள் திருநெல்வேலியிலும், விஞ்ஞானப் பாடங்கள் வட்டுக்கோட்டையிலும் கற்பிக்கப்பட்டன. 1979 இல் அவ்வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பாடசாலை ஒன்றின் மண்டபங்களுக்குள்ளே, சில விரிவுரையாளர்களோடும் சொற்ப நூல்களோடும் தொடங்கிய அவ்வளாகத்தைச் சிறு கல்லூரி என்று சொல்வதிற் பிழையில்லை.

சிறுமையிலே ஒரு நன்மையுண்டு. ஆயிரம் பேர் இருக்கும் மண்டபத்தில் மாணவன் குறிப்பெழுதுபவனாகவே இருந்துவிடலாம். இருபது பேர் இருக்கும் அறையில் அது முடியாது. ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்பார். விடை தெரியாவிட்டால் அன்று மாலை நூல்நிலையத்திற்குப் போகத்தான் வேண்டும். மற்றொரு நன்மை இடத்தைப் பற்றியது. திருநெல்வேலியிலிருந்து சைக்கிளிற் புறப்பட்டால் நல்லூருக்குக் கால்மணி நேரம் வேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டை அண்மையில் இருக்கின்றது. கந்தரோடை, ஆனைக்கோட்டை என்பவற்றை ஒரு பொழுதிற் பார்த்துத் திரும்பலாம். குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறினால் நயினாதீவு. பெரிய நாடுகளிலுள்ள பெரிய கல்லூரிகளில் மாணவர் படத்திற் பார்க்கும் பொருள்களை இங்கு வெயிலிலே நின்று தொட்டுப் பார்க்கலாம்.

ஆனைக்கோட்டையின் கதை இதற்குத் தக்க சான்று. 1980 ஆம் ஆண்டிலே, பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழாய்வு நடத்தினர். பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதைகுழிகள் வெளிப்பட்டன. புதைக்கப்பட்ட ஒருவரின் எலும்புக்கூட்டோடு சிறியதொரு முத்திரை கிடைத்தது. அதன் மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துகளும் இருந்தன. அவ்வெழுத்துகளை எவ்வாறு வாசிப்பது என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. அதுபற்றி வழக்காடுவது இப்பேச்சின் நோக்கமன்று. வளாகம் தோன்றி ஆறாண்டுதான் ஆகியிருந்தது. பெரிய நிதியோ பெரிய கருவிகளோ இல்லாத அச்சிறு கல்விச்சாலை, யாழ்ப்பாணத்தின் ஆதிக்குடிகளைப்பற்றி அதுவரை நூல்களிலே நடந்த வாதத்தை மண்ணுக்குக் கொண்டுவந்தது. அன்று மண் அரித்தவர்கள், எலும்பைத் தூரிகையாற் துடைத்தவர்கள், கிடைத்த ஓடுகளுக்கு இலக்கமிட்டவர்கள் ஆகியோர் கற்றுக்கொண்ட பாடம் எந்த விரிவுரையிலும் கிடைத்திராது.

நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டுண்டு. பொலனறுவையிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. தமிழில் எழுதப்பட்டது. ஊராத்துறை, அதாவது இக்கால ஊர்காவற்றுறை, அங்கு வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலிலொரு பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் என்கின்றது. வாணிபச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு என்கின்றது.

இக்கல்வெட்டைச் சரித்திர மாணவன் முன்வைத்தால் என்ன நடக்கும்? முதலில் அவன் வீட்டிலே கேட்டுவந்த கதைகளை அதன்மேல் ஏற்றப் பார்ப்பான். அரசன் சிங்கள நாட்டை ஆண்டவன் என்று ஒருவன் மகிழ்வான். ஆணை தமிழில் இருக்கின்றது என்று இன்னொருவன் மகிழ்வான். நல்ல ஆசிரியர் இருவரையும் இருக்கச் சொல்லிவிட்டு, கல் என்ன சொல்கின்றது என்று கேட்பார். அரசனுடைய அதிகாரம் தீவுப்பகுதித் துறைமுகம்வரை சென்றது என்பதைக் கல் சொல்கின்றது. துறைமுகத்தோடு தொடர்புடையோருக்கு விளங்கும் மொழி தமிழ் என்று அரசனுடைய அதிகாரிகள் கருதினர் என்று கொள்ள இடமுண்டு. குதிரையும் யானையும் அரசனுக்கு வேண்டியிருந்தபடியால் அவற்றைக் கொணர்வோருக்குச் சலுகை காட்டப்பட்டது என்றும் ஊகிக்கலாம். அதற்கப்பால் இந்நாட்டின் இன்றைய பிணக்குகளுக்கு அக்கல்லிலே தீர்ப்பில்லை. "இதுவரை சொல்லலாம், இதற்கு மேற் சொல்லலாகாது" என்று நிற்கப் பழகுவது கடினம். சரித்திரத்தின் பெயரால் இத்தனை சண்டை நடந்த ஒரு நாட்டிலே அவ்வாறு நிற்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவராயினும் வேண்டும்.

காலியில் 1911 இல் வடிகாலொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் இத்தகையதே. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் காலத்தது. 1409 ஆம் ஆண்டு அதிற் குறிக்கப்பட்டுள்ளது. சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை என்கின்றது. தமிழ் வாசகம் தெனவரை நாயனாருக்கு என்கின்றது. பாரசீக வாசகம் இசுலாமிய மரபுக்கு ஏற்ப அமைந்துள்ளது. சீனம் மட்டும் கற்றவர் ஒரு செய்தியோடும், தமிழ் மட்டும் கற்றவர் வேறொரு செய்தியோடும் வீடு திரும்புவர். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அதை நாட்டுவித்தவரின் சாதுரியம் விளங்கும். இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது.

அரசர்களின் கல்லை விட்டு வீட்டுக்கு வருவோம். தகப்பனாரின் அலுமாரியிலே, துணியிற் சுற்றி, பழைய காணி உறுதிகள் இருக்கின்றன. வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய வளவு, இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிணற்றிற் பங்கு, துலாவுக்கும் வழிவாய்க்காலுக்கும் உரித்து என்று அவை எழுதிச் செல்லும். அவற்றிலே சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் வருகின்றன. இவை தேசவழமைச் சொற்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களைத் திரட்டி எழுதி, பன்னிரண்டு தமிழ் முதலிமாரைக் கொண்டு சரிபார்ப்பித்தார். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். பிற்காலத்திலே திருத்தங்கள் பல செய்யப்பட்டபோதிலும், இன்றும் நீதிமன்றங்களிலே அது பேசப்படுகின்றது. காணிகளின் பழைய பதிவேட்டைத் தோம்பு என்கிறோம். அச்சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ஆகவே, சரித்திரம் தம் வீட்டுக்கு அந்நியமானது என்று எண்ணும் தகப்பனார், முந்நூறு ஆண்டுச் சரித்திரத்தை அலுமாரியிற் பூட்டிவைத்துத் திறப்பை மடியிற் கட்டியிருக்கிறார். போரினாலும் இடப்பெயர்வினாலும் உறுதிகளை இழந்தவர்கள் எத்தனைபேர்! எல்லையும் உரித்தும் தெரியாது தவிக்கும் குடும்பங்கள் எத்தனை! காணிப் பதிவகத்திலே பழைய ஏட்டைத் தேடி, மங்கிய கையெழுத்தை வாசித்து, பெயரையும் தலைமுறையையும் தொடுத்து உண்மை காண வல்லவருக்கு வேலையில்லை என்று எவர் சொல்லுவார்? சரித்திரம் பயின்றபின் சட்டம் கற்று நொத்தாரிசாகவோ சட்டத்தரணியாகவோ செல்பவருக்கு இந்தப் பழக்கம் முதற்பொருள்.

இனி உத்தியோகங்களைப் பார்ப்போம். அதிகம் பேர் செல்வது ஆசிரியத் தொழிலுக்கே. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது சரித்திரமும் புவியியலும் குடியியலும் சமூகக் கல்வி என்னும் ஒரே பாடத்துள் அடங்கின. பின்னர் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. அவ்வாறு ஆகியும், பல பாடசாலைகளிலே அதனைப் படிப்பிப்பவர் வேறு பாடம் கற்றவர். நேரசூசியில் இடைவெளி உள்ளவர் தலையில் வரலாற்றைக் கட்டிவிடுவது அதிபர்களிடையே நெடுங்கால வழக்கம். இதை மறைப்பதிற் பயனில்லை. அதன் விளைவு நாடறிந்தது. அரசர் பெயர், ஆண்டு, குளம் கட்டியது, இறந்தது. பிள்ளைகள் பரீட்சைக்கு முதல்நாள் மனனஞ் செய்து மறுநாள் மறந்துவிடுகின்றனர்.

சரித்திரத்தை முறையாகக் கற்ற ஓர் ஆசிரியை வேறுவிதமாகத் தொடங்குவார். பாடசாலையின் பழைய சேர்விடாப்பை அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கி, வகுப்பின் மேசைமேல் விரித்துவைப்பார். தகப்பன் தொழில் என்ற நிரலைப் பாருங்கள் என்பார். கமம், கமம், சுருட்டுத் தொழில், கமம், மலாயாவில் எழுதுவினைஞர். அடுத்த பக்கங்களில் என்ன மாறுகின்றது? பெண்பிள்ளைகளின் பெயர்கள் எந்த ஆண்டிலிருந்து பெருகுகின்றன? 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததே, அக்காலத்தில் இடாப்பு என்ன சொல்கின்றது? சம்பவத் திரட்டில் அன்றைய அதிபர் கடைசியாக எழுதிய வரி எது? இத்தகைய பாடம் ஒன்றைக் கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேத்தியாரிடம் கேள்வி கேட்கத் தொடங்கும். இதற்குப் பட்டம் மட்டும் போதாது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் பெறவேண்டும், பொறுமையும் வேண்டும். சம்பளம் பெரிதன்று. ஆயினும் இவ்வழி செல்வோரைத் தாழ்வாக நினைப்பது சரியன்று.

அடுத்தது நிர்வாகம். இலங்கையிற் சிவில் சேவைக்கும் சரித்திரத்துக்கும் பழைய உறவுண்டு. மகாவமிசத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837 இல் வெளியிட்ட ஜோர்ச் ரேணர் சிவில் சேவையாளர். கந்தரோடையின் பௌத்த எச்சங்களைப்பற்றி எழுதிய போல் ஈ. பீரிசும், இலங்கையின் நாணயங்களை ஆராய்ந்த கொட்றிங்ரனும் அச்சேவையினரே. தமிழர்களுள் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலை வெளியிட்டார், முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் பண்டைய யாழ்ப்பாணத்தைப்பற்றி ஆங்கிலத்திற் பெருநூல் எழுதினார். இருவரும் அரசாங்க உத்தியோகத்தர். கச்சேரியிலே தினந்தோறும் பழைய கோவைகளைப் புரட்டியவர்களுக்குப் பழமையிலே நாட்டம் பிறந்தது. இக்காலத்தில் வழி எதிர்த்திசையிலும் உண்டு. சிவில் சேவை 1963 இல் ஒழிக்கப்பட்டு, அதனிடத்தில் இலங்கை நிர்வாக சேவை வந்தது. அதன் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எப்பாடத்திற் பட்டம் பெற்றவரும் தோற்றலாம். நீண்ட அறிக்கையை வாசித்துச் சுருக்கவும், முரண்பட்ட இரு கூற்றுகளை நிறுக்கவும், தெளிவாக எழுதவும் பழகியவருக்கு அப்பரீட்சை அச்சமூட்டுவதன்று. பிரதேச செயலாளராக ஒருவர் காணிப் பிணக்கை விசாரிக்கும்போது செய்வது என்ன? சாட்சிகளை நிறுப்பதுதானே!

மூன்றாவது வழி ஒடுங்கியது. ஆனால் சரித்திரத்துக்கே உரியது. 1890 இல் ஆரம்பமான தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், நூதனசாலைகள், தேசிய சுவடிகள் திணைக்களம் என்பன அவ்வழியில் உள்ளன. வெற்றிடங்கள் சிலவே, போட்டி மிகுதி. கொழும்பிலுள்ள சுவடிகள் திணைக்களத்திலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் பல்லாயிரம் தொகுதிகளாக இருக்கின்றன. உலகிற் பல நாடுகளிற் சிதறியிருக்கும் அக்கம்பனியின் ஆவணத் திரட்டை 2003 இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவ்வேடுகளை வாசிக்கவல்ல தமிழ் மாணவர் எத்தனை பேர் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணவேண்டிய நிலைதான்.

பத்திரிகை, வானொலி, வெளிநாட்டுச் சேவை, சுற்றுலா வழிகாட்டல் என்று வேறு வழிகளும் உள. அவற்றுள் நூல்நிலையத்தையும் ஆவணப் பாதுகாப்பையும் பற்றி மட்டும் ஒரு சொல். 1981 மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. எஞ்சியவற்றைத் தேடி எடுத்து, படம்பிடித்து, வகைப்படுத்தி வைப்பதே தொழிலாக இன்று ஒரு சிறு கூட்டம் உழைக்கின்றது. 2005 இல் ஆரம்பமான நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையம் அத்தகைய முயற்சிகளுள் ஒன்று. பழைய மலர், துண்டுப்பிரசுரம், கல்யாணப் பத்திரிகை என்று குப்பைக்குப் போகும் தாள்களுள் எது காக்கத்தக்கது என்று துணிய, சரித்திரப் பயிற்சி உடையவர் வேண்டும்.

இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் பட்டதாரிகள் பந்தலிலே இருந்தார்கள்? நியமனக் கொள்கையின் குறைகள் ஒருபுறமிருக்க, மாணவர் பக்கத்துக் குறையொன்றும் உண்டு. அதுதான் மொழி. 1960களில் கலைப்பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயின. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது அம்மாற்றமே, அதனைக் குறைகூறலாகாது. ஆனால், தாய்மொழியிற் கற்பது வேறு, தாய்மொழி மட்டுமே கற்பது வேறு. யாழ்ப்பாணத்தின் சரித்திரம் தமிழில் மட்டும் எழுதப்படவில்லை. பாளியிலும் போர்த்துக்கேயத்திலும் ஒல்லாந்திலும் ஆங்கிலத்திலும் அது சிதறிக் கிடக்கின்றது. ஆசிரியரின் குறிப்பை முன்னைய ஆண்டு மாணவனிடமிருந்து வாங்கிப் பிரதிசெய்து, நான்காண்டுகளையும் கழித்து, சிறப்புப் பட்டத்தோடு வெளியேறிவிடலாம். அப்படி வெளியேறியவருக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாது. சிங்களத்தில் ஒரு கோவையை வாசிக்கத் தெரியாது. அவருக்கு மேற்சொன்ன வாசல்களுட் பெரும்பாலானவை பூட்டியே இருக்கும்.

யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சரித்திரம் கற்று, ஒல்லாந்த மொழியையும் பயின்று, அக்கம்பனியின் மூல ஆவணங்களைக்கொண்டு இலங்கையில் ஒல்லாந்தராட்சியைப்பற்றிய நூலை 1958 இல் வெளியிட்டார். பின்பு மலாயாப் பல்கலைக்கழகத்திலும், அவுஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சோழமண்டலக் கரையின் வணிகரைப்பற்றி அவர் எழுதிய நூலை இந்துசமுத்திர வரலாறு கற்போர் இன்றும் படிக்கின்றனர். அவருக்கு வெளிநாட்டு வாசல்களைத் திறந்தவற்றுள் அந்த ஒரு மொழியும் முக்கியமானது.

சிறு கல்லூரியின் குறையையும் சொல்லாது விடலாகாது. சான்றுகள் கொழும்பிலும் ஹேக்கிலும் லிஸ்பனிலும் கோவாவிலும் இருக்கின்றன. மாணவி திருநெல்வேலியில் இருக்கிறாள். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே ஓடவில்லை. ஒரு தலைமுறை மாணவர், தம் நாட்டின் சுவடிக்கூடத்தைக் கண்ணாலுங் காணாமற் பட்டம் பெற்றனர். இன்று பாதை திறந்திருக்கின்றது. ஆயினும் கொழும்பிலே ஒரு மாதம் தங்குவதற்கு வாடகை, சாப்பாடு, பஸ் செலவு என்று கணக்குப் பார்த்தால் தோட்டக்காரர் வீட்டுக்கு அது பாரந்தான். எண்ணிமப் பிரதிகள் பெருகிவருவது ஆறுதல். அவற்றுக்கும் மொழி வேண்டும்.

மகள் இவற்றுட் சிலவற்றைத் தனக்குத் தெரிந்தவாறு வீட்டிலே சொல்லியிருக்கக்கூடும். எல்லாவற்றையும் சொல்லியிருக்கமாட்டாள். தகப்பனார் விளக்கைத் தணித்துவிட்டு, பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் எத்தனை மாதம் என்று கேட்கிறார். ஆறேழு மாதம் செல்லும் என்கிறாள். சும்மா இருக்கப்போகும் மாதங்கள் அவை. அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப இங்கிலீசு வகுப்புக்கு எங்கை போறது? சந்தியிலை நடக்கிறது நல்லதோ, இல்லை ரவுணுக்குத்தான் போகவேணுமோ?" என்று கேட்கிறார்.